திரும்பி வருகிறவர் போடும் பூட்டு

தன் பூட்டை மாட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். எந்திரம் அசையவில்லை. அதன் இரும்பு வயிற்றில் காதை ஒட்டி வைத்து, மருத்துவர் குழந்தையின் நெஞ்சைக் கேட்பதுபோலக் கேட்டாள். மனம் ஆறவில்லை. மூன்றாவது முறையும் அழுத்தினாள். "சரி, செத்தாச்சு. இனி எறங்கலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, ஒரு காலைத் தூக்கி மாவுத் தொட்டிக்குள் வைத்தாள். வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் முனகின. அவற்றையும் விடவில்லை: "சுமக்கறது நானு, சலிச்சுக்கறது நீங்களா?"

ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்குத் துப்புரவு வேலை. துப்புரவு என்றதும் துடைப்பத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. மாவு பிசையும் தொட்டிகள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் நிமிர்ந்து நிற்கலாம். நடுவில், மடக்கிய முழங்கை போல ஓர் எஃகுக் கை. அது சுற்றினால் மூட்டை மூட்டையாக மாவு பத்து நிமிடத்தில் பஞ்சாகிவிடும். பகல் வேலை ஓய்ந்ததும் யாராவது ஒருவர் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே இறங்கி, காய்ந்த மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் அவள்தான்.

இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகிறவர் தன் பூட்டைத் தானே சுவிட்சுப் பெட்டியின் கொண்டியில் மாட்ட வேண்டும். சாவி அவர் உடம்போடு இருக்க வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒருவருக்காக இன்னொருவர் பூட்டவும் கூடாது, திறக்கவும் கூடாது. பூட்டுகள் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. அதனால் ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். அவள் பூட்டில் வெள்ளைத் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். சாவி கழுத்தில், கறுப்புக் கயிற்றில். அவளோடு ஆலயத்துக்கு வரும் பெண்கள் அந்த இடத்தில் சிலுவை போட்டிருப்பார்கள். "உன் சிலுவை எங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அதை அவரு சுமந்துட்டாரு. சாவியை நான் சுமக்கறேன்" என்றாள்.

அவளுக்குப் பெயரே பூட்டக்கா என்றாகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். அடுப்புப் பிரிவு ஆட்களுக்கு அவளைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது.

"ஏன்க்கா, வீட்ல மாமா தூங்கும்போதும் பூட்டு போட்டுடுவீங்களா?"

"அவருக்கு எதுக்குடா? அவரு எப்பவுமே ஆஃப்லதான் இருக்காரு. உன் வாய்க்குத்தான் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். வா, அளவு எடுக்கறேன்."

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதைச் சொல்ல வெட்கப்படமாட்டாள், மார்தட்டுவாள். "நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனா இங்க எந்த எந்திரம் எப்ப இருமும், எப்ப தும்மும்னு எனக்குத் தெரியும். இஞ்சினீர் வந்தாலும் முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாரு." இது வெறும் பீற்றல் இல்லை. இஞ்சினீர் நிஜமாகவே அவளைத்தான் கூப்பிடுவார். தரை கூட்ட வந்தவள் இன்று ஆறு பேருக்குத் தலைவி. அவள் வீட்டுச் சுவரில் அவள் தலையில் ஏறாத செங்கல் ஒன்றுகூடக் கிடையாது. தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டவர்கள் கொஞ்சம் பெருமை பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அது காதில் குத்தும்.

வேலை முடிந்ததும் தன் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, "பத்தைக் காட்டு" என்பாள். எல்லாரும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். ஒருவன் விளையாட்டாக ஒரு விரலை மடக்கி ஒன்பது காட்டியபோது முதுகில் ஒன்று வைத்தாள். "என் ஷிஃப்ட்ல இருபத்திரண்டு வருஷமா ஒரு நகம் போனதில்ல" என்பது அவளுடைய நித்தியப் பல்லவி. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் சலித்துப்போயிருந்தது.

மூன்று வாரமாக அவள் அதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலைகளில் அவள் ஆலயத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருவாள். பாட்டு வராது; சத்தம் வரும். பிரசங்கத்தில் தனக்குப் பிடிக்காத வார்த்தை விழுந்தால் தொண்டையைச் செருமுவாள். போதகர் அதைக் கேட்டதும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். வேதத்தில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"முன்ன ஆடு, மாடு, புறான்னு வருஷா வருஷம் வெட்டிக்கிட்டே இருந்தாங்க. ரத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, பாவம் தீரல. அப்புறம் அவரு வந்தாரு. யாரும் இழுத்துட்டு வரல, தானா வந்தாரு. ஒரே தடவை. எல்லாம் முடிஞ்சதுன்னு வாயால சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதானே? பலிபீடத்துக்கு அன்னிக்கே பூட்டு போட்டாச்சு. இனிமே எவனாவது வந்து, உன் உசிரைக் குடுன்னு கேட்டா, அவன் சர்ச்சுல முன் வரிசையில உக்காந்திருந்தாலும் அவரை நம்பாதவன்தான்."

பட்டம் வாங்கியவர்கள் நாற்பது ஞாயிறு எடுத்துக்கொண்டு சொல்வதை அவள் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

ஆலயத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர் அவளுடைய முதலாளி. சபைக்கு அவர் மூப்பர். திருவிருந்துக்கு அப்பம் அவருடைய தொழிற்சாலையிலிருந்துதான் போகும். தட்டை ஏந்தி ஒவ்வொருவர் கையிலும் வைக்கிற உரிமையும் அவருக்குத்தான். நல்ல குரல், கண்ணீர் வருகிற மாதிரி ஜெபம் செய்வார். ஒரு வருடத்துக்கு முன்பு, யாரோ ஓர் ஆள் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். அவனைக் கூப்பிட்டு வரவழைப்பதுதான் முறை. ஆர்டர் காத்திருக்காது என்று சொல்லி, பூட்டை வெட்டச் சொன்னார். அன்றிலிருந்து நீளக் கைப்பிடி போட்ட கட்டர் ஒன்று சூப்பர்வைசர் அறையில் ஆணியில் தொங்கியது. மூன்று தடவை வெட்டினார்கள். மூன்று தடவையும் தொட்டி காலி. மூன்று தடவையும் பூட்டக்கா அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"ஒரு தடவை காலியா இருக்காது முதலாளி."

"விசுவாசம் வேணும்மா. எல்லாத்துக்கும் பயந்தா தொழில் நடக்குமா? ஆண்டவர் பார்த்துக்குவார்."

ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டரை எடுத்தது இவர்கள்.

நான்காவது தடவை உள்ளே இருந்தவன் அவளுடைய தங்கை கணவன். தம்பி என்றுதான் கூப்பிடுவாள்; பெற்ற தாய்க்கு அப்படி ஒரு மகன் வாய்த்தால் போதும் என்பாள். வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவள், பூட்டு போடச் சொல்லிக் கொடுத்ததும் அவள். அவன் பூட்டுக்கு அடையாளம், சாவித் துளைக்கு மேலே ஒரு பொட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் மனைவி தன் நகப்பூச்சால் வைத்துவிட்ட அடர்சிவப்புப் பொட்டு, சுற்றிலும் வெள்ளி வளையம். "பூட்டுக்குப் பொட்டு வச்ச முதல் ஆள் நீதான்டா" என்று கேலி பண்ணுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "பொட்டு வச்சவ வீட்ல காத்துட்டு இருக்கா, பத்திரமா போகணும்ல" என்பான்.

அன்று பூட்டக்காவுக்கு வார விடுமுறை. அவள் வருவதற்குள், எஃகுக் கை சுற்றி, எல்லாம் முடிந்திருந்தது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. பூட்டை மட்டும் காணவில்லை.

மனிதன் மண்ணுக்குள் போன ஈரம் காய்வதற்குள், ஆலயச் சுவரில் மாட்டப் பித்தளைப் பலகைக்குச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை போதகர் ஒரு தாளோடு தங்கை வீட்டுக்கு வந்தார். பலகையில் பொறிக்கப்போகிற வாசகம், மூப்பரே எழுதியது. அடுப்படியில் நின்று மெதுவாக வாசித்தார்: "பலருக்கு அப்பம் கிடைக்கும்படி தன்னையே பலியாக ஒப்புக்கொடுத்தவர்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் தொண்டையைக் கனைத்தார்.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்து முடிஞ்சதும் நீங்கதான்மா துணியை விலக்கணும். அப்புறம்... திங்கட்கிழமை விசாரணை அதிகாரி உங்ககிட்ட வருவாராம். 'வேலைன்னா அவரு எல்லாத்தையும் மறந்துடுவாரு, பூட்டைக்கூட'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு மூப்பர் சொன்னார்."

காய்கறிக் கத்தியை மேடைமேல் வைத்தாள் பூட்டக்கா. நல்லவேளை, வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை படிங்க ஐயா."

படித்தார்.

"ஒப்புக்கொடுத்தானா? யாருகிட்ட?"

"அம்மா, ஒரு ஆறுதலுக்காக..."

"ஆறுதல் யாருக்கு? இவளுக்கா, அவருக்கா? ஐயா, ஆண்டவரு போனாரு, தெரிஞ்சே போனாரு. ஓடிப் போயிருக்கலாம், நின்னாரு. அது பலி. அதுக்கு முன்னாடி நான் முழங்கால் போடறேன். என் தம்பி தொட்டி கழுவப் போனான். கழுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வரணும்னு போனான். எவனோ பின்னாடி நின்னு பொத்தானை அழுத்துனதுக்கு இவன் எப்படிய்யா பலியாவான்? அவன் குடுக்கல. இவங்க எடுத்தாங்க."

"நம்ம வாழ்க்கையையே உயிருள்ள பலியாக் கொடுக்கணும்னு வேதம் சொல்லுதேம்மா."

"உயிருள்ள பலி. நீங்களே சொல்லிட்டீங்க. உயிரு இருக்கணும்ல?"

போதகர் தாளை மடித்தார். கெட்ட மனிதர் இல்லை. பாவம், நல்ல மனிதர்கள்தான் இப்படித் தாளைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக அலைய நேர்கிறது. கடைசியில் தணிந்த குரலில், "பூட்டு போட்டிருந்தா, பூட்டு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கேள்விக்கு அவள் பதில் இல்லாமல் நின்றது அன்றுதான்.

அவர் போன பிறகு சுவரைப் பார்த்துப் பொரிந்தாள். "புகழ்ந்துக்கிட்டே பழி போடறானுங்க, பாரு! தியாகின்னு பித்தளையில எழுதுவானுங்களாம். பூட்டு போடாத முட்டாள்னு அதிகாரிகிட்ட எழுதிக் குடுப்பானுங்களாம். பலியாம் பலி! பலின்னு சொல்லிட்டா வெட்டுனவன் பூசாரி ஆயிடறான். சொல்லலைன்னா அவன் யாரு?"

தங்கை அடுப்பை அணைத்தாள். "அக்கா, விடு. அப்படியாவது ஒரு அர்த்தம் இருந்துட்டுப் போகட்டுமே. ஒண்ணுமே இல்லாம செத்தாருன்னு நான் எப்படிக்கா இருக்கறது?"

"அவன் பூட்டு போடாம எறங்கியிருப்பான்னு நீ நம்பறியா?"

"தெரியலக்கா. அவசரத்துல மறந்திருக்கலாம். அதையும் ஆண்டவருக்குன்னு வெச்சுக்கறேன்."

பூட்டக்காவின் கோபம் அத்தனையும் அந்த இடத்தில் முட்டி நின்றது. ஊரையே எதிர்த்துப் பேசலாம். தங்கையின் ஆறுதலை எப்படிப் பறிப்பது?

சனிக்கிழமை மாலை அவள் காதை ஒட்டிக் கேட்டுவிட்டு இறங்கியது, தம்பி செத்த அந்த மூன்றாம் நம்பர் தொட்டியில்தான். விசாரணைக்காக வைத்த சீலை உடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேறு யாரும் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். உள்ளே ஒரு மணி நேரம் சுரண்டினாள். ஏறி வந்ததும், சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே தரையில் இருக்கும் இரும்பு வலையைத் தூக்கினாள். தண்ணீர் வடியும் குழி அது. புளித்த மாவும் எண்ணெயும் சேர்ந்து முழங்கை ஆழத்துக்குச் சேறாகிக் கிடக்கும். எல்லா இடத்திலும் தேடியாகிவிட்டது என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். தேடியிருப்பார்கள், கை நனையாத இடங்களில்.

அவள் கையை விட்டாள். விரலில் ஏதோ தட்டியது.

கழுவக்கூட இல்லை; கட்டைவிரலால் துடைத்தாள். சிவப்புப் பூட்டு. அதன் வளைவு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு வாய் பிளந்து கிடந்தது. பூட்டின் உடம்பு மட்டும் பூட்டியபடியே இருந்தது. சாவித் துளைக்கு மேலே, மாவுப் படலத்துக்கு அடியில், அடர்சிவப்புப் பொட்டு, வெள்ளி வளையம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போட்டிருக்கான். போட்டுட்டுத்தான் எறங்கியிருக்கான் என் ராசா" என்றாள். சாகத் துணிந்தவன் பூட்டு போடமாட்டான். திரும்பி வருகிறவன்தான் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைப்பான். இதைப் புரிந்துகொள்ள எந்தக் கல்லூரியும் வேண்டாம்.

பூட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை மறுநாள் உடுத்த வேண்டிய சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பலகை வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். "இதைச் சொல்லிக்கிட்டே படுத்தா தூக்கம் வருதுக்கா. மூணு வாரத்துக்கு அப்புறம் நேத்துதான் தூங்கினேன்" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பூட்டக்கா பையைத் திறக்கவே இல்லை. டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்: 'பெரிய வாய்க்காரி! எங்கடி போச்சு உன் வாய்?'

ஞாயிறு காலை பலகை பக்கச் சுவரில் ஏறியிருந்தது, நீலத் துணியால் மூடி. கீழே மேசையில், வெள்ளைத் துணிக்கு அடியில், அப்பம். போதகர் சுருக்கமாகப் பேசினார். 'பலி' என்ற வார்த்தை வந்த இடத்தில் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. பிறகு மூப்பர் சாட்சி சொல்ல எழுந்தார்.

"பசித்தவர்களுக்கு அப்பம் தாமதமாகக் கூடாது என்று அந்தச் சகோதரர் ஓடினார். தன்னைப் பாதுகாக்கும் பூட்டை மாட்டக்கூட அவருக்கு நினைவில்லை. அவ்வளவு பற்று! நம்மில் யாருக்கு இருக்கிறது அந்த அர்ப்பணிப்பு?" குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பூட்டக்கா செருமினாள். ஆலயம் முழுக்கக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. "நாளைக்கு இந்தச் சகோதரியும் அந்த உண்மைக்குச் சாட்சி சொல்வார்" என்று தங்கையைக் கை காட்டினார். தங்கை தலை குனிந்தாள். ஆமாம் என்றும் சொல்லலாம், அழுகிறாள் என்றும் சொல்லலாம், அப்படி ஒரு குனிவு.

உண்மையாம். சேற்றில் அமுக்கிய கையை ஆலயத்தில் குவித்துக்கொண்டு, உண்மையாம்.

வரிசை வரிசையாகத் திருவிருந்துக்கு அழைத்தார்கள். மூன்றாவது வரிசை எழுந்தது. அக்காவும் தங்கையும் பக்கம் பக்கமாக மரத்தடுப்புக்கு முன் முழங்காலிட்டார்கள். அந்த இடத்தில் சண்டை போடக் கூடாது என்பது பூட்டக்காவுக்குத் தெரியும். மனத்தாங்கலோடு கை நீட்டக் கூடாது என்பதும் தெரியும். 'ஆண்டவரே, இது சண்டை இல்ல. உம்ம பேரைத் திருடிட்டுப் போறாங்க, பிடிச்சுக் குடுக்கறேன்' என்று உதட்டுக்குள் சொன்னாள். மூப்பர் தட்டோடு ஒவ்வொருவராகக் கடந்து வந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு வைத்து, "உனக்காக" என்றார். அடுத்த கை. "உனக்காக." அடுத்தது.

பூட்டக்கா உள்ளங்கையை விரித்தாள். அதில் வெட்டுப்பட்ட பூட்டு இருந்தது. காய்ந்த மாவு இன்னும் உதிராமல்.

"உன..." என்றவர் நின்றார். அப்பத் துண்டு இரண்டு விரலுக்கு நடுவே அந்தரத்தில் நின்றது. பின்னால் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்த போதகரும் நின்றார். புதன்கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் அவர் கண்ணுக்கு நேரே கிடந்தது.

மூப்பர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "கையை எடும்மா" என்றார்.

அவள் எடுக்கவில்லை.

தங்கை திரும்பிப் பார்த்தாள். முதலில் அக்காவின் முகத்தை. பிறகு கையை. மாவுப் படலத்துக்கு அடியில் தன் நகப்பூச்சு அவளுக்குத் தெரிந்தது. அழவில்லை. அப்பத்துக்காக விரித்து வைத்திருந்த கையை நீட்டி, அக்காவின் உள்ளங்கையிலிருந்து பூட்டை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் மாவைச் சுரண்டினாள், பொட்டும் அதைச் சுற்றிய வெள்ளி வளையமும் முழுசாகத் தெரியும்வரை. பிறகு பொட்டு மேலே இருக்கும்படி அதைத் தன் கையில் வைத்து, தட்டுக்கு நேரே நீட்டினாள்.